பழைய வாடிக்கைக்குக் கூடுதல் விலை ஏன்?

காய்கறிக் கடையில் பல ஆண்டுகளாக வாடிக்கையாக வாங்குபவருக்கு, கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கேட்காமலேயே எடுத்துப் பையில் போடுவார். கொசுறு என்று இதைச் சொல்கிறோம். பழகியவருக்கு ஒரு கொசுறு, புதிதாக வந்தவருக்கு எடை போட்டது போட்டபடி. வியாபாரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது நம் எண்ணம்.

இதற்கு நேர்மாறாக நடக்கும் ஒரு சந்தையும் உலகில் இருக்கிறது. அங்கே கொசுறு புதிதாக வருபவருக்குத்தான். பல ஆண்டுகளாக ஒரே கடையை நம்பி இருப்பவர், அதே சரக்குக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறார். பிரிட்டனின் கைபேசிச் சந்தைதான் அது. ஏமாற்று வேலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்துவிட்டால் அதற்குள் ஒளிந்திருக்கும் சுவையான கணக்குகள் நம் கண்ணில் படாமலே போய்விடும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் என்னும் கயிறு

நம் நாட்டில் கைபேசி வைத்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் முன்பணம் கட்டுபவர்கள். ரீசார்ஜ் செய்கிறோம், நாள் முடிந்தால் மறுபடி செய்கிறோம். பிரிட்டனிலும் இந்த முறை உண்டு என்றாலும், அங்கே மிகப் பலர் மாதக் கட்டண ஒப்பந்தத்தில் சேருகிறார்கள். கடைக்குப் போனால் விலையுயர்ந்த கைபேசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்குச் சிறு தொகை கட்டினால் போதும். சில சமயம் அதுவும் வேண்டாம். அதற்குப் பதிலாக அடுத்த 24 மாதங்கள், மாதந்தோறும் இவ்வளவு என்று கட்டிவர வேண்டும். நெடுங்காலம் வழக்கில் இருந்த ஒப்பந்தங்களில் கைபேசியின் தவணையும், பேச்சுக்கும் இணையத்துக்குமான கட்டணமும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகப் பில்லில் வரும். நடுவில் விலக நினைத்தால், மீதி மாதங்களின் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இந்தச் சந்தைக்கு நாற்பது வயது ஆகிறது. பிரிட்டனில் முதல் கைபேசி அழைப்பு 1985 ஜனவரி 1ஆம் நாள், புத்தாண்டு பிறந்த வேளையில், வோடஃபோன் இணைப்பில் நடந்தது. அந்நிறுவனத்தின் தாய் நிறுவனத் தலைவரைப் பேசியில் அழைத்துப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னவர் அவருடைய சொந்த மகனே. பின்னர் நிறுவனங்கள் பல தோன்றின, ஒன்றோடொன்று இணைந்தன. பல ஆண்டுகள் இ.இ., ஓ2, வோடஃபோன், த்ரீ என்னும் நான்கு பெரிய வலையமைப்புகள் இருந்தன. 2025ஆம் ஆண்டில் கடைசி இரண்டும் ஒன்றாயின.

மாதம் 30 பவுண்டு என்று 24 மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், 24 மாதமும் 30 பவுண்டுதானே கட்ட வேண்டும்? அப்படித்தான் வாடிக்கையாளர்களும் நினைத்தார்கள். ஆனால் நடுவிலேயே கட்டணம் ஏறியது. புகார்கள் குவிந்தன. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு 2014 ஜனவரியில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒப்புக்கொண்ட மாதக் கட்டணத்தை நடுவில் ஏற்றினால், வாடிக்கையாளர் அபராதம் எதுவுமின்றி விலகிக்கொள்ளலாம் என்பதே அது.

நல்ல விதிதான். ஆனால் அதில் ‘ஒப்புக்கொண்ட’ என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? நிறுவனங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. ஆண்டுதோறும் பணவீக்க அளவுக்குக் கட்டணம் உயரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வாய்பாட்டை எழுதிவைத்துவிட்டால்? வாடிக்கையாளர் அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்திடுகிறார். பிறகு கட்டணம் ஏறும்போது அது ‘ஒப்புக்கொண்ட’ ஏற்றமாகிவிடுகிறது. விலகும் உரிமையும் போய்விடுகிறது. வேலியில் ஓட்டையை அடைக்கப் போய், ஓட்டைக்குக் கதவு வைத்துக் கொடுத்த கதையாக முடிந்தது.

3.9 என்னும் எண்

2020-21 வாக்கில் இந்த வாய்பாட்டுக்கு ஒரு வால் முளைத்தது. பணவீக்கத்தோடு மேலும் 3.9 சதவீதம். நெரிசலைத் தாங்கும்படி வலையமைப்பை விரிவாக்கவும், ஐந்தாம் தலைமுறைக் கோபுரங்களை நிறுவவும் பெரும் முதலீடு வேண்டியிருக்கிறது என்று நிறுவனங்கள் காரணம் கூறின. அது பொய்யல்ல; மக்கள் பயன்படுத்தும் இணையத்தின் அளவு ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் செலவு எவ்வளவு கூடும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாதபோது, பல நிறுவனங்களும் 3.9 என்ற ஒரே எண்ணை வந்தடைந்தது எப்படி என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பணவீக்கம் ஒன்று, இரண்டு சதவீதமாக இருந்தவரை யாரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 2021 டிசம்பரில் அது 5.4 சதவீதம் ஆயிற்று. உக்ரேன் போரால் எரிபொருள் விலை எகிறியபின், 2022 டிசம்பரில் 10.5 சதவீதம். 2023 டிசம்பரில் 4.0 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் எண்ணை எடுத்து, 3.9ஐக் கூட்டி, அடுத்த வசந்தத்தில் கட்டணத்தை ஏற்றுவது பல நிறுவனங்களின் வழக்கம். ஆக ஏற்றம் 2022இல் 9.3, 2023இல் 14.4, 2024இல் 7.9 சதவீதம்.

இப்போது பென்சிலை எடுங்கள். 2022 பிப்ரவரியில் மாதம் 30 பவுண்டுக்கு ஒருவர் ஒப்பந்தம் செய்கிறார். அந்த வசந்தத்தில் 30 × 1.093 = 32.79. மறு ஆண்டு 32.79 × 1.144 = 37.51. 2024 பிப்ரவரியில் 24 மாதம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் ஒன்றும் செய்யாமல் அதே நிறுவனத்தில் இருந்துவிடுகிறார். வசந்தம் வருகிறது. 37.51 × 1.079 = 40.47. மூன்று சதவீதங்களையும் வெறுமனே கூட்டினால் 31.6 தான் வரும். உண்மையில் கட்டணம் ஏறியிருப்பதோ ஏறக்குறைய 35 சதவீதம். நீங்கள் வகுப்பில் படிக்கும் கூட்டுவட்டிக் கணக்கேதான் இது. கடன் வாங்காமலேயே வட்டி ஏறுகிறது என்பதுதான் வேறுபாடு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பணவீக்கத்தைக் கணக்கிட, மக்கள் வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் ஒரு கற்பனைக் கூடையில் வைத்து அவற்றின் விலையைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். அந்தக் கூடையில் கைபேசிக் கட்டணமும் இருக்கிறது! பணவீக்கம் ஏறியதால் கட்டணம் ஏறுகிறது. கட்டணம் ஏறியது அடுத்த பணவீக்கக் கணக்கில் சேருகிறது. கூடையில் அதன் எடை சிறிது என்பதால் பெரும் விபரீதம் நேர்வதில்லை. ஆயினும் பாம்பு தன் வாலைத் தானே விழுங்கும் இந்தச் சுழற்சி கவனிக்கத்தக்கது.

இரண்டு சட்டைகள், இரண்டு சராசரிகள்

எல்லா நிறுவனங்களும் ஒரே பணவீக்க எண்ணைப் பயன்படுத்தவில்லை. பெரும்பாலானவை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொண்டன. (ஆங்கிலத்தில் இதன் சுருக்கம் சி.பி.ஐ. நம் ஊரில் அந்த மூன்று எழுத்துகளைக் கேட்டால் வேறு நினைவு வரும், போகட்டும்.) ஓ2 நிறுவனம் மட்டும் சில்லறை விலைக் குறியீட்டெண் என்ற பழைய அளவைப் பிடித்துக்கொண்டது. 2023இல் அந்த எண் 13.4 சதவீதம். 3.9ஐச் சேர்த்தால் 17.3! அதே ஆண்டில், அதே நாட்டில், ஒருவருக்கு 14.4 சதவீத ஏற்றம், பக்கத்து வீட்டுக்காரருக்கு 17.3 சதவீத ஏற்றம். (பின்னவருக்குக் கைபேசித் தவணை தனியாக இருந்ததால், ஏற்றம் பேச்சு, இணையக் கட்டணத்தின் மேல் மட்டுமே விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.)

ஒரே நாட்டின் விலைவாசிக்கு இரண்டு எண்கள் எப்படி வந்தன? கூடைகளில் உள்ள வேறுபாடு ஒரு காரணம். வீட்டுக்கடன் வட்டி பழைய கூடையில் உண்டு, மற்றதில் இல்லை. ஆனால் இன்னொரு காரணம் தூய கணிதம்.

ஒரு சட்டை முதல் கடையில் 10 பவுண்டு, இரண்டாம் கடையில் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு முதல் கடையில் 20, இரண்டாம் கடையில் தள்ளுபடி போட்டு 10. சட்டையின் விலை சராசரியாக ஏறியதா, இறங்கியதா? விலைகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பீர்கள்.

1764ஆம் ஆண்டில் கார்லி என்ற இத்தாலிய அறிஞர் ஒரு முறையைக் கையாண்டார். 1500க்கும் 1750க்கும் இடையே தானியம், ஒயின், எண்ணெய் ஆகியவற்றின் விலை எவ்வளவு மாறியது என்று அறிய விரும்பிய அவர், ஒவ்வொரு பொருளுக்கும் விலை விகிதத்தைக் கண்டு, அவற்றின் கூட்டுச் சராசரியை எடுத்தார். நம் சட்டைக்கு அதைச் செய்து பாருங்கள். முதல் கடையில் விகிதம் 2. இரண்டாம் கடையில் 0.5. கூட்டினால் 2.5, பாதி 1.25. அதாவது விலை 25 சதவீதம் ஏறிவிட்டதாம்! மூன்றாம் ஆண்டு விலைகள் பழையபடி 10, 20 என்று திரும்பிவிட்டால் மறுபடியும் 1.25. இரண்டையும் பெருக்கினால் 1.5625. சட்டைகள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டன. குறியீட்டெண்ணோ 56 சதவீதம் ஏறி நிற்கிறது.

1863இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர், தங்கத்தின் மதிப்பு வீழ்ந்ததை ஆராயும்போது பெருக்குச் சராசரியைப் பயன்படுத்தினார். 2ஐயும் 0.5ஐயும் பெருக்கினால் 1. அதன் வர்க்கமூலம் 1. விலை மாறவில்லை. நம் பொது அறிவு சொன்னதும் இதுவே.

மிகை எண்களின் கூட்டுச் சராசரி அவற்றின் பெருக்குச் சராசரியைவிட ஒருபோதும் குறையாது என்பதை மேல் வகுப்புகளில் நிறுவுவீர்கள். பிரிட்டனின் சில்லறை விலைக் குறியீட்டெண்ணில் பல இடங்களில் கார்லியின் முறை உட்கார்ந்திருக்கிறது. நுகர்வோர் குறியீட்டெண்ணில் பெரும்பாலும் ஜெவன்ஸின் முறை. தள்ளுபடியும் ஏற்றமும் மாறி மாறி வரும் துணிமணிகளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இந்தக் குறைக்காகத்தான் 2013இல் பழைய குறியீட்டெண் ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தகுதியை இழந்தது. தகுதி இழந்த பின்னும் பத்தாண்டு காலம் அது கைபேசி ஒப்பந்தங்களில் வாழ்ந்தது! வகுப்பில் ஒரு தேற்றமாக முடிந்துபோகும் சங்கதி, லட்சக்கணக்கானோர் பில்லில் பென்னி பென்னியாக விழுந்திருக்கிறது.

சொந்தமான கைபேசிக்குத் தவணை

இனி, 24 மாதம் முடிந்தபின் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கட்டணத்தில் ஒரு பங்கு கைபேசியின் தவணை என்று மேலே சொன்னேன். 24ஆம் மாதத்தோடு தவணை தீர்ந்தது. கைபேசி உங்களுக்குச் சொந்தம். 25ஆம் மாதத்துப் பில் குறைய வேண்டுமல்லவா? குறையவில்லை. கேட்டவருக்குக் குறைத்தார்கள். கேட்காதவருக்கு அதே தொகை வந்துகொண்டே இருந்தது.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு 2017இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், 1939 செப்டம்பர் 4ஆம் நாள், குழம்பி நிற்கும் மக்களுக்கு வழிகாட்டத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஏற்கெனவே விலை தீர்ந்துவிட்ட கைபேசிக்காக, சராசரியாக மாதம் 22 பவுண்டு கூடுதலாக வசூலிக்கப்படுவதாக அது கணக்கிட்டது. இப்படி அதிக காலம் சிக்கிக் கிடந்தவர்களில் 65 வயதைக் கடந்தவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது.

மறு ஆண்டு செப்டம்பரில் அந்த அமைப்பு, போட்டிச் சந்தைகளைக் கண்காணிக்கும் ஆணையத்தில் ‘பெரும்புகார்’ ஒன்றைப் பதிவு செய்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சிறப்பு உரிமை இது. குறிப்பிட்ட சில நுகர்வோர் அமைப்புகள் இத்தகைய புகாரைக் கொடுத்தால் 90 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கைபேசி, அகன்ற அலைவரிசை இணையம், வீட்டுக் காப்பீடு, வீட்டுக்கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்து சந்தைகளில், மாறாமல் இருக்கும் ஒரே குற்றத்துக்காக மக்கள் ஆண்டுக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்றது அந்தப் புகார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘விசுவாசத் தண்டம்’. பொருத்தமான பெயர்தான்.

மாறும் சிரமத்துக்கும் ஒரு விலை

நிறுவனம் ஏன் இப்படிச் செய்கிறது? பேராசை என்பது எளிய பதில். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பால் கிளெம்பெரர் 1987இல் இதைவிட நல்ல பதில் ஒன்றைச் சொன்னார். கடைக்குக் கடை மாறுவதற்கு ஒரு சிரமம் இருக்கிறது. அந்தச் சிரமத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சந்தை கண்டுபிடித்துவிடும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

இதையும் ஒரு கணக்காகப் போடலாம். நான் தரும் எண்கள் வசதிக்காக எடுத்துக்கொண்டவையே. ஒரு வாடிக்கையாளருக்குச் சேவை தர நிறுவனத்துக்கு மாதம் 10 பவுண்டு செலவாகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதென்றால் விசாரிக்க வேண்டும், எண்ணைக் காப்பாற்ற வேண்டும், புது இடத்தில் கோபுரம் சரியாகக் கிடைக்குமோ என்று கவலைப்பட வேண்டும். இவ்வளவு தொல்லையையும் ஒருவர் 60 பவுண்டாக மதிக்கிறார் என்று கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு 60 பவுண்டு வரை, அதாவது மாதம் 5 பவுண்டு வரை கூடுதலாக வாங்கினாலும் அவர் போகமாட்டார். பழைய வாடிக்கையாளருக்கு விலை 15 ஆகிறது.

ஆனால் போட்டி நிறுவனமும் இதே கணக்கைப் போடுகிறது. ஒருவரைப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு அவரிடம் 60 பவுண்டு லாபம் எடுக்கலாம். ஆகவே அவரைப் பிடிக்க இந்த ஆண்டு 60 பவுண்டு வரை இழக்கலாம். புதியவருக்கு விலை 5 ஆகிறது! முதல் ஆண்டு 5 × 12 = 60; இரண்டாம் ஆண்டு 15 × 12 = 180. ஆக 240. நியாயமான விலையில் 24 மாதத்துக்கு வரும் தொகையும் 10 × 24 = 240 தான். பார்த்தீர்களா? முதலில் தூண்டில் புழு, பிறகு தூண்டில் முள். மொத்தக் கணக்கு நேராகிவிடுகிறது.

அப்படியானால் யாருக்கும் நட்டமில்லை என்று சொல்லிவிடலாமா? நில்லுங்கள். எல்லோருக்கும் சிரமம் ஒரே அளவானதன்று. ஒரு கல்லூரி மாணவர் பத்து நிமிடத்தில் மாறிவிடுவார். அவருக்கு அது 5 பவுண்டுச் சிரமம். கண் மங்கிய ஒரு மூதாட்டிக்கு அது 200 பவுண்டுச் சிரமம். முன்னவர் ஆண்டுதோறும் மாறி எப்போதும் 5 பவுண்டே கட்டுவார். மூதாட்டி மாறவே மாட்டார். எப்போதும் 15 கட்டுவார். மாணவருக்குக் கிடைக்கும் சலுகையின் மறுபுறம் மூதாட்டியின் பில்லில் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

கிளெம்பெரரைப் பற்றி ஒரு செய்தி. மூன்றாம் தலைமுறைக் கைபேசிகளுக்கான வானலைகளை 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ஏலம் விட்டபோது, அந்த ஏலத்தின் விதிகளை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2,250 கோடி பவுண்டு. நிறுவனங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பணம் கறக்கத் தெரிந்தவரும், அவை வாடிக்கையாளரிடம் கறப்பதை விளக்கியவரும் ஒருவரே!

பணத்தால் அளக்கக்கூடிய சிரமம் சிறிதும் இல்லாத இடத்திலும் மனிதர் இருந்த இடத்திலேயே இருக்க விரும்புகிறார்கள். சாமுவெல்சன், செக்ஹவுசர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் திட்டத்தை மாற்றிக்கொள்ள அனைவருக்கும் உரிமை இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் புதுத் திட்டங்களை நாடினார்கள். பழையவர்கள் தாம் முதலில் தேர்ந்த திட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். 1988இல் வெளியான இந்த ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. பேருந்தில் தினமும் ஒரே இருக்கையைத் தேடிப்போய் உட்காரும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், இதைப் புரிந்துகொள்வதில் தொல்லை இராது.

போகிறவர்களும் கத்துகிறவர்களும்

ஒரு கடை கெட்டுப்போனால் வாடிக்கையாளர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். வெளியேறலாம், அல்லது உள்ளேயே நின்று குரல் கொடுக்கலாம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970இல் ‘வெளியேற்றம், குரல், விசுவாசம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார். நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்தபோது அவருக்கு எழுந்த ஐயமே நூலுக்கு வித்து. லாரிகள் போட்டிக்கு வந்தும் ரயில்வே திருந்தவில்லை. ஏன்? சரக்கு தாமதமானால் உரக்கச் சண்டை போடக்கூடியவர்கள் எவரோ, அவர்களே முதலில் லாரிக்கு மாறிப் போய்விட்டார்கள். பொறுத்துப் போகிறவர்களே எஞ்சினார்கள். அவர்களிடமிருந்து சத்தம் வரவில்லை.

கைபேசிச் சந்தையிலும் இதையே காண்கிறோம். விலையைக் கூர்ந்து பார்ப்பவர் மாறிவிடுகிறார். எஞ்சியிருப்போர் பில்லைத் திறந்து பார்க்காதவர்கள். அவர்களை ‘விசுவாசமான வாடிக்கையாளர்’ என்று நிறுவனம் அழைக்கிறது. விசுவாசமா, அயர்வா, மறதியா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கென்னவோ மறதிதான் அதிகம் என்று தோன்றுகிறது.

ஆகவே சீர்திருத்தங்கள் இரண்டு வழியில் நடந்தன. ஒன்று, வெளியேறும் வாசலை அகலமாக்குவது. எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி சிங்கப்பூரில் 1997இலும் பிரிட்டனில் 1999இலும் வந்தது. (இந்தியாவில் 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடெங்கும் பரவியது.) வசதி இருந்தும், விலகப் போகிறேன் என்று சொன்னதும் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பிடித்து வைத்துக்கொண்டு மன்றாடும் ஊழியர்கள் இருந்தார்கள். 2019 ஜூலை 1 முதல் அந்த உரையாடலே வேண்டாம் என்றாயிற்று. 65075 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மாற்றக் குறியீடு உடனே வரும். 30 நாள் செல்லும். புது நிறுவனத்தில் கொடுத்தால் ஒரு வேலைநாளில் வேலை முடியும்.

நம் நாட்டில் ஒப்பந்தக் கயிறு பெரும்பாலோருக்கு இல்லை என்பதால் வெளியேற்றம் கண்கூடாகத் தெரிகிறது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. அந்த ஒரே மாதத்தில் மூன்றும் வாடிக்கையாளர்களை இழந்தன. கட்டணத்தை ஏற்றாத பி.எஸ்.என்.எல். ஏறத்தாழ 29 லட்சம் பேரைக் கூடுதலாகப் பெற்றது.

மற்றொரு வழி, தூங்குகிறவரை எழுப்புவது. 2020 பிப்ரவரி முதல் பிரிட்டனில் ஒப்பந்தம் முடியப் போகும்போது நிறுவனமே அதை வாடிக்கையாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். முடிந்தபின் என்ன கட்டணம், புதியவருக்கு என்ன கட்டணம் என்றும் அதில் சொல்ல வேண்டும். வீடு, வாகனக் காப்பீட்டில் இன்னும் கடுமையான மருந்து கொடுக்கப்பட்டது. 2022 ஜனவரி 1 முதல், புதுப்பிக்கும் பழையவரிடம் அதே நிலையிலுள்ள புதியவரைவிட அதிகம் வாங்கவே கூடாது. கிளெம்பெரர் கணக்கின்படி இதன் மறுவிளைவு என்ன? பின்னால் எடுக்க முடியாதென்றால் முன்னால் கொடுக்கவும் மாட்டார்கள். புதியவருக்கான பெருஞ்சலுகை சுருங்க வேண்டும். அதை எதிர்பார்த்தே விதியைக் கொண்டுவந்தார்கள். கைபேசியில் இந்த மருந்தை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

பவுண்டும் பென்னியும்

வாய்பாட்டின் கதைக்கு வருவோம். பணவீக்க எண்கள் எதை அளக்கின்றன என்பதே தமக்குத் தெரியாது என்று கைபேசி வாடிக்கையாளரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆஃப்காமின் ஆய்வில் சொன்னார்கள். கார்லியையும் ஜெவன்ஸையும் அறிந்துவிட்ட நீங்கள் இப்போது அவர்களைவிட ஒரு படி மேலே. 2025 ஜனவரி 17 முதல் புது ஒப்பந்தங்களில் சதவீத வாய்பாடு தடை செய்யப்பட்டது. ஏற்றம் உண்டென்றால் எப்போது, எத்தனை பவுண்டு, எத்தனை பென்னி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதனால் தெளிவு வந்தது. ஆனால் ஒரு புதுக் கணக்கும் கூடவே வந்தது. வோடஃபோனும் ஓ2வும் மாதத்துக்கு 1.80 பவுண்டு ஏற்றம் என்று எழுதின. 40 பவுண்டு கட்டுபவருக்கு 1.80 என்பது 4.5 சதவீதம். 8 பவுண்டுத் திட்டத்தில் இருப்பவருக்கோ அதே 1.80 என்பது 22.5 சதவீதம்! சதவீதமாக இருந்தபோது பெரிய பில்லுக்குப் பெரிய ஏற்றம், சிறிய பில்லுக்குச் சிறிய ஏற்றம். தொகையாக மாறியதும் மலிவான திட்டத்தில் இருப்பவர் மேல் பாரம் கூடிவிட்டது. இருந்தும் 1.80 என்பது காதுக்குச் சிறிய எண்ணாகத்தான் ஒலிக்கிறது.

2025 அக்டோபரில் ஓ2 நிறுவனம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. 2026 ஏப்ரலில் 1.80 ஏறும் என்று ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டிருந்தவர்களிடம், இனி 2.50 ஏறும் என்றது. தாங்கள் ஏமாற்றமடைந்ததாக ஆஃப்காம் கூறியது. அமைச்சரும் தலையிட்டு, விதிகளை மீண்டும் ஆராயும்படி கேட்டார். ஆனால் எண்ணை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றுதான் விதி இருந்தது. சொன்ன எண்ணை மாற்றக் கூடாது என்று இல்லை. மாற்றினால் 2014ஆம் ஆண்டு விதியின் பழைய கதவு திறக்கும். அதாவது 30 நாளுக்குள் அபராதமின்றி வெளியேறலாம். கைபேசியின் தவணை பாக்கி இருந்தால் அதை மட்டும் தீர்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் நடுவே, தண்டம் இல்லாமல் போக 30 நாள் வாசல் திறந்திருக்கிறது. மாதம் 70 பென்னி கூடுதலாகப் போகிறது. ஆண்டுக்கு 8 பவுண்டு 40 பென்னி. இதற்காக எழுந்து போவதா, இருப்பதா? மாறும் சிரமத்தை 60 பவுண்டாக மதித்தவர் என்ன செய்வார், கல்லூரி மாணவர் என்ன செய்வார் என்று மேலே போட்ட கணக்கை வைத்துச் சொல்லிவிடலாம். நிறுவனத்தில் உட்கார்ந்து 70 பென்னி என்று முடிவு செய்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.